குடும்பம் இருக்கிறதே, அப்புறம் என்ன?

போன வாரம் மறுபடியும் ஒரு பையன். எட்டாம் வகுப்பு படிக்கிறான். அம்மாவின் மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று டாக்டர் ஆங்கிலத்தில் சொல்கிறார், அவன்தான் அதை அம்மாவுக்கு ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். டாக்டர் பேசியது இரண்டு நிமிடம். பையன் சொன்னது ஒரே வரி: "இன்னும் கொஞ்சம் மருந்து கொடுப்பாங்களாம்மா."

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், ஒரு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ, ஹோண்டுராஸ், எல் சால்வடோரிலிருந்து வந்த குடும்பங்கள். இங்கே டாக்டராகவும் நர்ஸாகவும் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறையப் பேர். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டமான அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் 1557ஆம் பிரிவுக்கான விதிகளின்படி, அவசர நிலை தவிர வேறெப்போதும் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது. தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனைதான் இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். இது தெரியாத ஆள் இங்கே கிடையாது. தெரிந்தும் ஏன் நடக்கிறது? "அவங்களுக்குக் குடும்பம் இருக்கு, பார்த்துப்பாங்க" என்ற நினைப்புதான் காரணம். நம்மவர்கள் இதை இன்னும் உரிமையோடு சொல்வார்கள்: "நம்ம ஊர் மாதிரிதானே இவங்களும்."

சரி, நோயாளியைப் பார்க்கப் பத்துப் பேர் வருகிறார்கள், உண்மைதான். ஆனால் கீமோவுக்குக் காரில் கூட்டி வருவது யார்? ராத்திரி வாந்தி எடுக்கும்போது எழுந்து போவது யார்? பில் விஷயமாக மணிக்கணக்கில் போனில் காத்திருப்பது யார்? ஒரே ஆள். பெரும்பாலும் மூத்த மகள், இல்லாவிட்டால் ஆங்கிலம் தெரிந்த மகள். அவள் ஆபீஸ் துப்புரவு வேலையிலோ ரெஸ்டாரன்ட் சமையலறையிலோ இருப்பாள். 1993ஆம் வருடத்துக் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டம் 12 வாரம் விடுப்பு தருகிறது. ஆனால் அதற்குச் சம்பளம் கிடையாது. 50 பேராவது வேலை பார்க்கும் கம்பெனியாக இருக்க வேண்டும், அங்கே ஒரு வருடமாவது வேலை செய்திருக்கவும் வேண்டும். தினக்கூலியாகக் கையில் பணம் வாங்குகிறவளுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. லீவு போட்ட அன்று சம்பளம் போச்சு, அவ்வளவுதான்.

பாசம் அதிகமுள்ள வீட்டில்தான் "என்னால முடியல" என்று வாய் திறக்க முடியாது. சொன்னால் அம்மாவைக் கைவிட்டதாக ஆகிவிடும். நோயாளிக்கும் இதே கதைதான். வருகிறவர்கள் எல்லோரும் ஸ்பானிஷில் "எச்சலே கானாஸ்", அதாவது விட்டுடாதே, தைரியமா இரு என்கிறார்கள். அன்பாகத்தான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் அவள் யார் முன்னால் அழுவது? வலியைப் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள் என்று அம்மா என்னிடம் தனியாகக் கேட்பாள். ஸ்கேன் முடிவை அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று மகள் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்பாள்.

மனச்சுமையை 0 முதல் 10 வரை குறிக்கச் சொல்லும் ஒரு தாள் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் எங்களைக் கூப்பிட வேண்டும். அதன் ஸ்பானிஷ் வடிவமும் இருக்கிறது. நடப்பது என்ன? பேனா மகள் கையில். "நல்லாத்தானே இருக்கம்மா?" என்று கேட்டுவிட்டு 2 என்று வட்டம் போடுகிறாள். மொழிபெயர்ப்பாளரை வைத்துத் தனியாகக் கேட்டால் அதே அம்மா 8 என்கிறாள். மகளுக்கென்று ஒரு தாளை யாரும் நீட்டுவதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். "கடவுள் விட்ட வழி" என்று நோயாளி சொன்னதும் 'விதியை நம்புகிறவர், ஒத்துழைக்க மாட்டார்' என்று ஃபைலில் எழுதாதீர்கள். அப்படிச் சொல்பவர்கள் ஒரு கீமோகூட விடாமல் வருவதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வழி தெரியாமலும் இல்லை. கலிபோர்னியாவில் 'நுவேவோ அமனெசெர்' என்ற திட்டத்தில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, மற்ற நோயாளிகளோடு 8 வாரம் ஸ்பானிஷில் உட்கார்ந்து பேச வைத்தார்கள். வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது என்று 2015இல் முடிவு வெளியானது. வாஷிங்டன் டி.சி. பகுதியில் 'நுவேவா வீடா' அமைப்பு, மீண்டவரையும் அவரைப் பார்த்துக்கொள்பவரையும் சேர்த்தே ஆதரவுக் கூட்டங்களுக்கு அழைத்திருக்கிறது. நாமோ ஆங்கிலத்தில் நடக்கும் ஆதரவுக் குழுவின் நோட்டீஸை ஸ்பானிஷில் அச்சடித்து, மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, யாரும் வரவில்லை என்கிறோம்.

பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள், அம்மாவே "பரவாயில்லை" என்றாலும் விடாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஸ்பானிஷ் வணக்கம் சொல்ல மட்டும் போதும். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார், யார் கூட இருக்க வேண்டும் என்பதை நோயாளியிடமே முதல் நாளில் கேளுங்கள். நீங்களாகக் குடியேற்ற நிலையை விசாரிக்காதீர்கள், தேவையில்லாமல் ஃபைலிலும் எழுதாதீர்கள். அந்தப் பயத்தில் கிடைக்கிற உதவியையும் வேண்டாமென்று போய்விடுகிறார்கள். கூட வருகிறவரைத் தனியாக ஒரு ஐந்து நிமிடம் பாருங்கள், தயவு செய்து. "எப்படி இருக்கீங்க?" என்றால் பதில் தயாராக இருக்கும். "நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினீங்க?" என்று கேளுங்கள்.

மொழிபெயர்ப்புக்கான வீடியோ டேப்லெட் உங்கள் கிளினிக்கில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாதவர்கள் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக விசாரித்து வையுங்கள். சார்ஜ் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.