எக்ஸ்க்ளூசிவ்: பொருளும் தமிழும்

‘எக்ஸ்க்ளூசிவ்’ என்று கேட்டதும் ஏதோ உயர்வான சமாச்சாரம் என்றுதான் மனதில் படுகிறது. ஆனால் அது பிறந்தது வாசற்படியில். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே. ‘க்ளாடரே’ என்றால் அடைத்தல், சாத்துதல். இரண்டும் சேர்ந்தால், ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவது. உள்ளே வைத்துச் சாத்தினால் ‘இன்க்ளூட்’. மூடிய இடத்தைக் கண்டு வரும் பயத்தை க்ளாஸ்ட்ரோஃபோபியா என்கிறோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான். எனக்கு மிகவும் பிடித்த உறவு ‘ஸ்லூஸ்’, அதாவது மதகு. தண்ணீரை அடைத்து நிறுத்துவதைப் பிற்கால லத்தீனில் ‘எக்ஸ்க்ளூசா’ என்றார்கள். பிரெஞ்சு வழியாக வருவதற்குள் தேய்ந்து தேய்ந்து ஸ்லூஸ் ஆகிவிட்டது.

கதவு சாத்தினால் உள்ளே சிலர், வெளியே சிலர். இந்தச் சொல்லைத் தமிழில் எழுதும்போது வெளியே நிற்பவரை நாம் மறந்துவிடுகிறோம். ‘பிரத்யேகம்’ என்று எழுதுகிறோம். வடமொழியில் அது ப்ரதி, ஏக என்ற இரண்டின் சேர்க்கை. ஒவ்வொன்றும், தனித்தனியாக என்பதே அங்கே பொருள். அதில் கதவே இல்லை. ‘சிறப்பு’ இன்னும் பொருந்தாது. சிறப்புப் பேட்டி நாலு இடத்தில் வரலாம். எக்ஸ்க்ளூசிவ் பேட்டி ஒரே இடத்தில்தான் வரும்.

சரி, நேரான தமிழ் எது? நாம் நாள் முழுக்கச் சொல்லும் ‘மட்டும்’தான் என்பேன். மட்டு என்றால் அளவு, எல்லை. மட்டுப்படுத்து, மட்டான, இதுமட்டும் வந்தாயிற்று என்பதிலெல்லாம் இருப்பது அந்த எல்லைதான். ‘உறுப்பினர்களுக்கு மட்டும்’ என்று எழுதிய உடனே கோடு விழுந்துவிடுகிறது; கோட்டுக்கு வெளியே யார் என்பதும் தெரிந்துவிடுகிறது. லத்தீன் கதவைச் சாத்துகிறது, தமிழ் எல்லை போடுகிறது. வேலை ஒன்றுதான்.

ஆனால் மட்டும் என்பதை எல்லாப் பெயருக்கும் முன்னால் ஒட்ட முடியாது. அங்கே இடத்துக்கு ஏற்ற சொல் வேண்டும். கணக்கில் ‘நீங்கலாக’ போதும்: வரி நீங்கலாக, ஞாயிறு நீங்கலாக. இதற்கு எதிர் ‘உட்பட’. கணிதத்தில் ‘ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்’ என்கிறார்கள். நாணயத்தைச் சுண்டினால் தலை விழும்போது பூ விழ முடியாது. ஒன்று வந்து மற்றதை விலக்கிவிடுகிறது. நல்ல சொல்லாக்கம். உரிமை பற்றிய பேச்சு என்றால் ‘தனியுரிமை’. 1982-ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரையோர நாட்டுக்கு 200 கடல் மைல் வரை எக்ஸ்க்ளூசிவ் பொருளாதார மண்டலம் தருகிறது. அங்கே மற்ற நாட்டுக் கப்பல்கள் போய்வரத் தடையில்லை. மீனும் கனிமமும் போன்ற வளங்கள் மீதான உரிமைதான் கரையோர நாட்டுக்கு மட்டும். அதனால் ‘தனியுரிமைப் பொருளாதார மண்டலம்’ என்றால் பொருள் தெளிவாகிறது. ‘பிரத்யேக’ என்றால் கடலே அவர்களுடையது போல ஒலிக்கிறது.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். ‘எக்ஸ்க்ளூட் செய்யப்பட்டார்’ என்பதைப் பலர் ‘விலகியிருந்தார்’ என்று மென்மையாக எழுதிவிடுகிறார்கள். அது தவறு. விலகு, விலக்கு, ஒதுங்கு, ஒதுக்கு, நீங்கு, நீக்கு. ஒற்றை மெய்யில்தான் வித்தியாசம், ஆனால் பழி இடம் மாறிவிடுகிறது. ஒதுங்கினான் என்றால் அவனே போனான். ஒதுக்கினார்கள் என்றால் செய்தவர்கள் வேறு யாரோ. ஒதுக்கப்பட்டவரைப் பார்த்து ஒதுங்கினார் என்று எழுதுவது, அவருக்கு நடந்ததையே இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

அப்புறம், சொல்லே இல்லாமலும் தமிழ் இந்த வேலையைச் செய்யும். ‘இவர்களுள் இவனே பாடினான்’ என்பதில் உள்ள ஏகாரம் மற்றவர்களைப் பிரித்து நிறுத்துகிறது. அதற்குப் பெயர் பிரிநிலை ஏகாரம். தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் பிரிநிலையும் ஒன்று.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடும் இப்படித்தான். கேட்பவரையும் சேர்த்தால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். மொழியியலார் இரண்டாவதை எக்ஸ்க்ளூசிவ் பன்மை என்பார்கள். தெலுங்கில் மனமு, மேமு என்று இதே பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். ‘வீ ஆர் கோயிங்’ என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவர் தானும் கிளம்ப வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருக்கும். தமிழில் ‘நாங்கள் போகிறோம்’ என்றால் அவர் உட்கார்ந்திருக்கலாம். ‘நாம் போகலாம்’ என்றால் எழுந்து செருப்பைத் தேடுவார்.