முதுகில் ஏறிய மரப்பிள்ளை

உயரம் ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண். தட்டையான வட்டத் தலை. அதில் பாதிக்குமேல் நெற்றியே. கண்ணும் மூக்கும் வாயும் கீழே ஓர் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கும். இருபுறமும் நீட்டிய குட்டைக் கைகள். பழைய பொம்மைகள் பலவற்றுக்குக் கால்களே கிடையாது. கானா நாட்டின் அசாந்தி மக்கள் இந்த மரப்பொம்மையை 'அக்குவா பா' என்கிறார்கள்.

அக்குவா என்பது புதன்கிழமை பிறந்த பெண்ணின் பெயர். 'பா' என்றால் பிள்ளை. பிள்ளையில்லாத அக்குவா ஒருத்தி பூசாரியிடம் போனாளாம். "மரத்தில் ஒரு பிள்ளை செதுக்கி, நிஜப் பிள்ளைபோல் வளர்த்து வா" என்றார் அவர். அவள் அதை முதுகில் கட்டிக்கொண்டு நடந்தபோது, "அக்குவாவின் பிள்ளையைப் பாருங்கள்!" என்று ஊரே சிரித்தது. பிறகு அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். சிரித்தவர்களும் மரப்பிள்ளை தேடிப் போனார்கள் என்று கதை முடிகிறது.

பொம்மையில் தெரிவதெல்லாம் பிறக்கவேண்டிய பிள்ளையின் அழகு. அகன்ற நெற்றி அசாந்திகளுக்கு அழகு; பச்சிளங்குழந்தையின் தலையை மெல்ல நீவி அந்த வடிவுக்குக் கொண்டுவரும் வழக்கமும் இருந்தது. கழுத்து வளையங்களை நகை என்று நினைத்துவிடக்கூடாது. அவை செழிப்பான உடம்பில் விழும் சதை மடிப்புகள்.

பொம்மை ஏன் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது? அசாந்தி நம்பிக்கையில் 'மொக்யா' எனப்படும் இரத்தம் தாயிடமிருந்து மட்டுமே வரும். அந்த இரத்தவழியில் அமைந்த குலம்தான் 'அபுசுவா'. சொத்தும் பதவியும் அதன் வழியே இறங்குவதால், அரச பீடத்துக்கு மன்னனின் மகன் வருவதில்லை. அவனுடைய சகோதரனோ சகோதரியின் மகனோ வருகிறார்கள். மகள் பிறக்காத தாயோடு அவளுடைய கிளை அற்றுப்போகும். ஆக, முதுகில் இருப்பது ஒருத்தியின் ஆசை மட்டுமல்ல, குலத்தின் கவலையும்கூட.

மரம் கருவைத் தராது. ஆனால் பிள்ளையில்லாக் குறையை வீட்டுக்குள் ஒளித்து வைக்காமல் தெருவில் சுமந்து நடக்க அது வழி தந்தது. எனக்கு வியப்பு அதில்தான். பிள்ளை வேண்டுபவள் பொம்மைக்கு மணிமாலை கட்டுவாள், குளிப்பாட்டுவாள், உறங்க வைப்பாள்.

பிள்ளை பிறந்தபின் சிலர் பொம்மையைப் பூசாரியின் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே வரிசையாக நிற்கும் பொம்மைகளைவிடப் பூசாரிக்கு வேறு விளம்பரம் எதற்கு? மற்ற வீடுகளில் அது பிறந்த மகளின் விளையாட்டுச் சாமானாயிற்று. அவளும் அதை முதுகில் கட்டிக்கொண்டு திரிந்தாள்.