பாறை இரண்டு கிலோமீட்டர் கீழே, ஊர் மேலே

ஷேல் எரிவாயு எடுக்க ஒரு நிறுவனம் வந்தால், ஊர்க்கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான். அதற்கு வரும் பதிலும் எங்கும் ஒன்றேதான்: "நாங்கள் பாறையை உடைப்பது இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில். உங்கள் கிணறு நூறு மீட்டர்கூட இல்லை. நடுவில் இவ்வளவு பாறை இருக்கும்போது எது மேலே வரும்?" கேட்க நியாயமாக இருக்கிறது. பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனாலும் ஊர்க்காரர்கள் சமாதானம் ஆவதில்லை. அவர்களுக்கு விவரம் போதவில்லை என்று நிறுவனங்கள் சொல்லும். எனக்கென்னவோ, அவர்கள் மேலே நடப்பதைக் கேட்கிறார்கள், பதில் கீழே நடப்பதைப் பற்றி வருகிறது என்றுதான் படுகிறது.

வழக்கமான எரிவாயுக் கிணற்றில், மணற்கல் போன்ற நுண்துளையுள்ள பாறையில் வாயு சேர்ந்திருக்கும். துளை போட்டால் தானே ஏறி வரும். ஷேல் அப்படியில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் படிந்த சேறு இறுகி உண்டான பாறை அது. வாயு அதற்குள்ளேயே உருவாகி அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கிறது. நுண்துளைகள் உண்டு, ஆனால் வாயு நகரும் அளவுக்கு ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. அந்தத் தொடர்பைச் செயற்கையாக உண்டாக்குவதுதான் ஃப்ராக்கிங்.

முதலில் நேராகக் கீழே துளையிடுகிறார்கள். ஷேல் அடுக்கை நெருங்கியதும் துளையை மெல்ல வளைத்து, அடுக்கின் போக்கிலேயே படுக்கைவசத்தில் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கொண்டுபோகிறார்கள். உள்ளே இரும்புக் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் நடுவே சிமென்ட் நிரப்புகிறார்கள். அப்புறம் சிறு வெடிகள் வைத்துப் படுக்கைக் குழாயில் ஓட்டை போடுகிறார்கள். அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீரும் மணலும், கூடவே நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் ரசாயனங்களும், வளிமண்டல அழுத்தத்தைப் போலப் பல நூறு மடங்கு அழுத்தத்தில் உள்ளே செல்கின்றன. பாறை விரிகிறது. பம்பை நிறுத்தியதும் சுற்றியுள்ள பாறை அந்த விரிசலை மூடப் பார்க்கும். கதவு சாத்திக்கொள்ளாமலிருக்க அடியில் செருகும் ஆப்பு மாதிரி, மணல் அங்கே நின்று தடுக்கிறது. ரசாயனங்களில் ஒன்று குழாயில் உராய்வைக் குறைக்க, இன்னொன்று பாக்டீரியா வளராமல் தடுக்க. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் கணக்குப்படி, ஒரு கிணற்றுக்குச் சுமார் 60 லட்சம் லிட்டரிலிருந்து 6 கோடி லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படுகிறது.

பாறையை விரிக்கும் வேலை 1949 முதலே வணிக அளவில் நடக்கிறது. படுக்கைத் துளையும் அதோடு சேர்ந்த பிறகுதான் ஷேல் லாபகரமானது.

சரி, விரிசல் எவ்வளவு உயரம் ஏறும்? இதை அளந்திருக்கிறார்கள். பாறை உடையும்போது எழும் நுண்ணதிர்வுகளை வைத்து விரிசலின் உயரத்தைக் கணிக்கலாம். அமெரிக்காவில் நடந்த ஆயிரக்கணக்கான ஃப்ராக்கிங் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்து, பிரிட்டனின் டரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், மேல்நோக்கிப் போன அதிகபட்ச விரிசல் சுமார் 588 மீட்டர். 350 மீட்டரைத் தாண்டுவதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்று. ஷேல் இரண்டு கிலோமீட்டர் கீழே இருந்தால், விரிசல் குடிநீர் அடுக்கை எட்டாது என்று தாராளமாகச் சொல்லலாம்.

ஆனால் அந்த இரண்டு கிலோமீட்டர் பாறையையும் ஊடுருவிக்கொண்டு ஒரு பாதை ஏற்கெனவே இருக்கிறதே! நிறுவனம் துளையிட்ட எரிவாயுக் கிணறுதான் அது.

குடிநீர் அடுக்கைத் தாண்டும் வரை கேசிங் எனப்படும் இரும்புக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பல இருக்கும். ஒவ்வொன்றைச் சுற்றியும் சிமென்ட். கேட்கும்போது பலமாகத்தான் தெரிகிறது. ஆனால் சிமென்டை ஊற்றுவது கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில். துளையின் சுவரில் ஒட்டியிருக்கும் சேறு சரியாகக் கழுவப்படாவிட்டால் சிமென்ட் பாறையைப் பிடிக்காது. குழாய் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் சிமென்ட் மெல்லியதாகிவிடும். இறுகும் நேரத்தில் நடு அடுக்கிலிருந்து வாயு குமிழ்விட்டு ஏறினால், அதுவே நிரந்தர வாய்க்காலாகிவிடும். இந்த வாயு ஷேலிலிருந்து வர வேண்டும் என்றுகூட இல்லை. வழியில் இருக்கும் சிறிய வாயு அடுக்குகளே போதும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டிமாக் என்ற கிராமத்தில் 2009 ஜனவரி முதல் தேதி ஒரு வீட்டின் தண்ணீர்க் கிணறு வெடித்தது. உள்ளே, எரிவாயுவின் முக்கியக் கூறான மீத்தேன் சேர்ந்திருந்தது. அந்த வட்டாரத்தில் வீட்டுக் கிணறுகளைச் சோதித்த டியூக் பல்கலைக்கழகக் குழு 2011-இல் சொன்னது இரண்டு விஷயங்கள். வாயுக் கிணற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீடுகளின் தண்ணீரில் மீத்தேன், தள்ளியிருந்த வீடுகளைவிடச் சராசரியாக 17 மடங்கு அதிகம். ஆனால் ஃப்ராக்கிங் திரவத்தின் தடயம் எதுவும் இல்லை. வாயு எந்த வழியாக வந்தது? மந்த வாயுக்களை அடையாளமாக வைத்து 2014-இல் நடந்த ஆய்வு, தாங்கள் பார்த்த இடங்களில் குறை சிமென்டிலும் கேசிங்கிலும் இருந்தது என்றது. ஆழத்து விரிசல் காரணமில்லை என்றும் சொன்னது. நிறுவனம் சொன்னதும் சரி, வீட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்த ஊர்க்காரர் சொன்னதும் சரி.

அடுத்தது கழிவுநீர். உள்ளே போன தண்ணீரில் ஒரு பகுதி திரும்பி வரும், பாறையிலிருந்த உப்போடு. சில ஷேல்களில் அது கடல்நீரைவிடப் பல மடங்கு கரிப்பு. பேரியம், ரேடியம்கூட இருக்கும். அதை வேறொரு ஆழ்துளையில் செலுத்திவிடுவது அமெரிக்காவில் பெருவழக்கம். ஒக்லஹோமாவில் 2008-க்கு முன் 3 ரிக்டருக்கு மேலான நிலநடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான். 2015-இல் சுமார் 900. காரணம் இப்படி ஆழத்தில் செலுத்திய கழிவுநீர்தான்; அதில் பெரும்பங்கு ஃப்ராக்கிங் நீர்கூட அல்ல, எண்ணெயோடு இயல்பாக வெளிவந்த உப்புநீர். இயங்குமுறை எளிது: நிலப்பிளவின் இரு பக்கங்களையும் வழுக்காமல் பிடித்துவைத்திருப்பது அவற்றை நெருக்கும் அழுத்தம். இடையில் நீரின் அழுத்தம் ஏறினால் அந்தப் பிடி தளரும், பிளவு நகரும்.

இங்கிலாந்தின் லங்காஷயரில் நடந்ததோ நேரடியாக ஃப்ராக்கிங்கின் வேலை. பிளாக்பூல் அருகே 2011 ஏப்ரலில் 2.3 அளவு அதிர்வு. அதன் பிறகு போக்குவரத்து விளக்கு மாதிரி ஒரு விதி வந்தது: 0.5-ஐ எட்டினால் சிவப்பு, வேலையை நிறுத்த வேண்டும். பிரெஸ்டன் நியூ ரோடு என்ற இடத்தில் மாவட்ட மன்றம் 2015-இல் மறுத்த அனுமதியை மத்திய அரசு 2016-இல் கொடுத்தது. 2018 அக்டோபரில் வேலை தொடங்கியது. சிவப்பு திரும்பத் திரும்ப எரிந்தது. 2019 ஆகஸ்ட் 26 காலை 2.9. எண்ணில் வித்தியாசம் 2.4தான், ஆற்றலில் 0.5-ஐப் போலச் சுமார் 4000 மடங்கு. எப்போது, எவ்வளவு பெரிதாக அதிர்வு வரும் என்று கணிக்க முடியாது என ஒழுங்குமுறை அமைப்பே சொன்ன பிறகு, அந்த நவம்பரில் இங்கிலாந்தில் ஃப்ராக்கிங் நிறுத்தப்பட்டது. 2022 செப்டம்பரில் தடையை நீக்கினார்கள், அக்டோபரில் மறுபடி போட்டார்கள்.

ஒரே தொழில்நுட்பத்துக்கு அமெரிக்கக் கிராமங்களில் ஆதரவும் கணிசமாக இருக்க, இங்கிலாந்தில் எதிர்ப்பே மேலோங்கியது ஏன்? பாறை வேறு, மக்கள் நெருக்கம் வேறு; ஆனால் பெரிய காரணம் சட்டம் என்று நினைக்கிறேன். அமெரிக்காவில் நிலத்தடி வாயு பெரும்பாலும் நிலத்துக்காரருக்குச் சொந்தம். பென்சில்வேனியாவில் வருமானத்தில் எட்டில் ஒரு பங்காவது அவருக்குத் தர வேண்டும். கனிம உரிமையை முன்பே யாருக்கோ விற்றுவிட்ட நிலத்தை வாங்கியவருக்கு மட்டும் லாரிச் சத்தம்தான் மிச்சம். பிரிட்டனில் 1934-இலிருந்தே எண்ணெயும் வாயுவும் அரசுடையவை. 2015 சட்டம், 300 மீட்டருக்குக் கீழே துளையிட நிலத்துக்காரரின் சம்மதமே வேண்டாம் என்றது. ஊருக்குக் கிடைக்கவிருந்தது, சோதனை நிலையில் ஒரு தளத்துக்கு ஒரு லட்சம் பவுண்டு, பிறகு வருமானத்தில் ஒரு சதவீதம் என்று தொழில்துறை தானாக அறிவித்த தொகை. அதற்கு ஈடாக, குறுகலான கிராமச் சாலையில் ஆயிரத்துக்கும் மேல் லாரி நடை. சசெக்ஸின் பால்கம் கிராமத்தில் 2013-இல் வெறும் சோதனைத் துளைக்கே பெரிய போராட்டம் நடந்தது. அங்கே ஃப்ராக்கிங் நடக்கவே இல்லை. ஊர்க்காரர்களில் சிலர் பின்னர் சூரிய மின்சாரக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள்.

அதே 2015 சட்டத்தில் ஊருக்குப் பயன்படும் ஒரு பிரிவும் உண்டு: ஃப்ராக்கிங்குக்கு முன் 12 மாதமாவது நிலத்தடி நீரில் மீத்தேனை அளந்திருக்க வேண்டும். டிமாக்கில் வருடக்கணக்காகச் சண்டை இழுத்ததே இப்படி முன்கூட்டி அளக்காததால்தான். அந்தப் பகுதிக் கிணறுகளில் இயற்கையாகவே கொஞ்சம் மீத்தேன் உண்டு. முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்குக் கையில் கணக்கில்லை. மீத்தேனில் உள்ள கார்பன் ஐசோடோப்புகளின், அதாவது எடை மட்டும் வேறான கார்பன் அணுக்களின், விகிதத்தைப் பார்த்தால், அது சதுப்பில் நுண்ணுயிர் உண்டாக்கியதா, ஆழத்துச் சூட்டில் உண்டானதா என்று பிரிக்கலாம். எப்போது வந்தது என்பதை அது சொல்லாது. அதற்கு முதல் துளைக்கு முன் எடுத்த ஒரு பாட்டில் தண்ணீர் வேண்டும். பென்சில்வேனியா 2012-இல் சட்டத்தை இன்னும் கடுமையாக்கியது: ஷேல் கிணற்றிலிருந்து 2,500 அடிக்குள் இருக்கும் குடிநீர், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் கெட்டால், நிறுவனமே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனத்தின் பாடு.