அரிப்பு வருவதற்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடும் சிரங்கு

ராத்திரி படுத்ததும் குழந்தை சொறிய ஆரம்பிக்கிறது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பொரிப்பொரியாக இருக்கிறது. உடனே வீட்டில் கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்தப்படும். ‘ரத்தம் கெட்டுப்போச்சு’ என்பார் ஒருவர், ‘எல்லாம் சூடு’ என்பார் இன்னொருவர். ஆனால் சிரங்குக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. அது எட்டுக்கால் கொண்ட ஒரு சிற்றுண்ணியின் வேலை. 1687இல் இத்தாலியைச் சேர்ந்த போனோமோ என்ற மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து இதை எழுதினார். மருத்துவ உலகம் முழுமனதாக ஏற்க மேலும் ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

பெண் உண்ணியின் நீளம் 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். பறக்காது, குதிக்காது, ரத்தம் குடிக்காது. தோலின் மேலடுக்கைக் கரைத்துத் தின்றபடி அதற்குள்ளேயே வளை தோண்டிக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நான்கு நாளில் அவை பொரியும், இரண்டு வாரத்துக்குள் வளர்ந்துவிடும். நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் விரல் இடுக்கை உற்றுப் பார்த்தால், சில மில்லிமீட்டர் நீளத்துக்கு நெளிநெளியாக ஒரு சாம்பல் கோடு தெரியும். அதன் ஒரு முனையில் இருக்கும் சின்னப் புள்ளிதான் உண்ணி. கோடு சரியாகத் தெரியாவிட்டால் மைப் பேனாவின் மையை அங்கே தடவி, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துப் பார்ப்பது மருத்துவர்களின் பழைய உத்தி. மேலே இருக்கும் மை போய்விடும், வளைக்குள் இறங்கிய மை கோடாக நிற்கும். கைக்குழந்தைகளுக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகத்தில்கூட வரும். பெரியவர்களுக்கு அங்கெல்லாம் வருவது அரிது என்பதால் பலர் இதைச் சிரங்கு என்றே நினைப்பதில்லை.

சரி, உண்ணி தோண்டுவதால்தான் அரிக்கிறதா? இல்லை. இதைத் தெளிவாகக் காட்டியவர் பூச்சியியல் ஆய்வாளர் கென்னத் மெல்லன்பி. இரண்டாம் உலகப்போர் சமயத்தில், போருக்குப் போக மறுத்த சிலர் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அவருடைய ஆய்வுக்குத் தங்கள் உடம்பையே கொடுத்தார்கள். உண்ணி தோலில் குடியேறிய பிறகும் முதல் ஒரு மாதம் அவர்களுக்கு அரிப்பே கிட்டத்தட்ட இல்லை. உண்ணியின் எச்சில், கழிவு, முட்டை ஆகியவற்றை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியம் என்று அடையாளம் காண அவ்வளவு நாள் ஆகிறது. அடையாளம் கண்ட பிறகு எழும் ஒவ்வாமைதான் அரிப்பு. குணமாகி மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிக்கத் தொடங்கிவிடும். உடம்பு முழுக்க அரித்தாலும் ஒருவரிடம் இருப்பது சராசரியாகப் பத்துப் பன்னிரண்டு உண்ணிகள்தான் என்பதையும் அவர் எண்ணிக் காட்டினார்.

அந்த ஒரு மாத இடைவெளிதான் சிரங்கின் பலம். குழந்தை சொறியத் தொடங்கும்போது, அதைக் கட்டிப்பிடித்துத் தூங்கும் அம்மாவுக்கும் மடியில் வைத்துச் சோறூட்டும் பாட்டிக்கும் ஏற்கனவே தொற்றியிருக்கலாம். அவர்களுக்கு இன்னும் அரிக்காது, அவ்வளவுதான். அரிக்கிற குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டால் அடுத்த மாதம் அதே கதை திரும்ப வரும். வீட்டில் உள்ள அத்தனை பேரும், அரிக்காதவர்களும், ஒரே ராத்திரி மருந்து போட வேண்டும். சிரங்கு விஷயத்தில் நான் அடித்துச் சொல்வது இது ஒன்றைத்தான்.

வழக்கமான மருந்து 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம். உண்ணியின் நரம்பைச் செயலிழக்கச் செய்து கொல்லும். பொரி உள்ள இடத்தில் மட்டும் தடவிப் பயனில்லை. கழுத்திலிருந்து பாதம் வரை, நக இடுக்கு உட்பட, ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும். சின்னக் குழந்தைகளுக்குக் கண்ணையும் வாயையும் விட்டுத் தலையிலும் முகத்திலும் பூசச் சொல்வார்கள். முட்டைகள் தப்பிவிடலாம் என்பதால் ஒன்றிரண்டு வாரத்தில் இன்னொரு முறை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு என்ன போடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். துணி, போர்வையை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப் போட்டால் போதும், ஏனென்றால் மனிதத் தோலை விட்டு உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடும் ஸ்டீராய்டு ட்யூபைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. ஒவ்வாமை அடங்குவதால் அரிப்பு குறையும், பொரியும் மங்கும். உள்ளே உண்ணி நிம்மதியாகப் பெருகும். பிறகு பார்க்கும் மருத்துவருக்கே சிரங்கு என்று அடையாளம் தெரியாமல் போகும்.

அசட்டையாக விட்டால் ஆபத்து உண்ணியால் அல்ல, சொறிந்த புண்ணால். அதில் பாக்டீரியா புகுந்து சீழ் வைக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை புகுந்தால் சில வாரம் கழித்துச் சிறுநீரகத்தைத் தாக்கலாம். காலையில் முகம் வீங்கி, சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 2017இல் உலக சுகாதார நிறுவனம் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சிரங்கையும் சேர்த்ததற்கு இந்தப் பின்விளைவுகளும் காரணம்.

மருந்து போட்ட பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். செத்த உண்ணியும் முட்டை ஓடும் தோலோடு உதிரும்வரை ஒவ்வாமை ஓயாது. அதற்காகத் தினமும் பெர்மெத்ரின் பூசினால் தோல்தான் புண்ணாகும். நான்கு வாரம் தாண்டியும் புதுப் பொரியோ புது வளையோ தெரிந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.