போக்கோ, உன் போக்கோ: கொஞ்சத்தில் என்ன வித்தியாசம்?

ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: 'போக்கோ' என்றாலும் கொஞ்சம், 'உன் போக்கோ' என்றாலும் கொஞ்சம், அப்புறம் எதற்கு இரண்டு?

இலக்கணத்தை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். போக்கோ பெயர்ச்சொல்லுக்கேற்ப மாறும். தண்ணீர் பெண்பால் என்பதால் போக்கா ஆகுவா, புத்தகங்கள் என்றால் போக்கோஸ் லிப்ரோஸ். 'உன் போக்கோ தே' ஆண்பால், பெண்பால் எதற்கு முன்னாலும் அப்படியே நிற்கும். (இந்த 'உன்' உன்னுடையது அல்ல, 'ஒரு'.)

சரி, இனிமேல்தான் விஷயம். சட்டைப்பையில் பத்து யூரோ இருக்கிறது, நண்பர் காபி குடிக்கக் கூப்பிடுகிறார். 'தெங்கோ போக்கோ தினேரோ' (தெங்கோ: என்னிடம் இருக்கிறது, தினேரோ: பணம்) என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம். 'தெங்கோ உன் போக்கோ தே தினேரோ' என்றால் வா, போகலாம். பணம் அதே பத்து யூரோ. ஒன்று இல்லாமையின் பக்கம் சாய்கிறது, இன்னொன்று இருப்பதன் பக்கம். நாம் இதை ஒரு 'தான்' போட்டு முடித்துவிடுகிறோம்: கொஞ்சம் இருக்கு, கொஞ்சம்தான் இருக்கு.

பிரெஞ்சிலும் இதே ஜோடி உண்டு. அதை எடுத்து அலசிய ஆஸ்வால்ட் துக்ரோ என்ற மொழியியலாளர், இத்தகைய சொற்கள் அளவைச் சொல்வதோடு கேட்பவரை எந்த முடிவுக்கு நகர்த்துவது என்பதையும் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன என்றார். இதை ஆராயத் துகள் முடுக்கி எதுவும் வேண்டாம், நாலு பேர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டால் போதும். ஆனாலும் மொழியியலுக்கு ஒதுக்கும் பணம் எப்போதும் போக்கோதான், உன் போக்கோ கூட இல்லை என்பது என் புலம்பல்.

இந்தச் சாய்வு தெரியாமல் ஒருவரை 'போக்கோ இந்தெலிஹெந்தே' என்று பாராட்டிவிடாதீர்கள். கொஞ்சம் புத்திசாலி என்று அர்த்தம் வராது, புத்தி மட்டு என்றுதான் வரும். பண்பைச் சொல்லும் சொல்லுக்கு முன்னால் 'உன் போக்கோ' பெரும்பாலும் குறை சொல்லத்தான் வரும்: உன் போக்கோ காரோ, விலை கொஞ்சம் கூடுதல்.

மெக்சிகோக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 'அவ்வளவு' என்று பொருள்படும் தாந்தோவுக்கு, நம் 'கொஞ்சூண்டு'வில் வரும் 'ஊண்டு' போன்ற 'ஈத்தோ' விகுதியைச் சேர்த்துத் தாந்தீத்தோ என்கிறார்கள். அவ்வளவு சுருங்கிக் கொஞ்சமாகிவிடுகிறது!

எனக்குப் பிடித்தது 'போர் போக்கோ மே காய்கோ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'கொஞ்சத்தில் விழுகிறேன்', அர்த்தமோ 'கொஞ்சம் விட்டிருந்தால் விழுந்திருப்பேன்'. ஒருவர் நேற்று படிக்கட்டில் வழுக்கிய கதையைச் சொல்கிறார், வினையோ நிகழ்காலத்தில் இருக்கிறது, அதுவும் விழுகிறேன் என்று. ஆள் விழவே இல்லை.