வாங்கி வந்த செடி மீன்தொட்டியில் ஏன் கரைகிறது?

புதிதாகச் செடித்தொட்டி வைப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது. கடையில் தளதளவென்று இருந்த செடியை நட்ட பத்துப் பன்னிரண்டு நாளில் இலையெல்லாம் நிறம் போய், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்து, விரல் பட்டதும் கூழாகிவிடுகிறது. தண்ணீர் சரியில்லையா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. அந்தச் செடி அதுவரை தண்ணீருக்குள் இருந்ததே இல்லை, அவ்வளவுதான்.

மீன்தொட்டிச் செடிகள் என்று விற்பவற்றில் பல, ஓடைக்கரையிலும் சதுப்பிலும் வளர்பவை. மழைக்காலத்தில் முழுகிக் கிடக்கும், வெயில் காலத்தில் தலையை வெளியே நீட்டும். இலங்கையின் ஓடைகளைச் சொந்த ஊராகக் கொண்ட கிரிப்டோகொரைன் வெண்டி அப்படிப்பட்டது. நாட்டு மருந்துக் கடையில் நாட்டு அதிவிடயம் என்று விற்கும் கிழங்கும் இதே கிரிப்டோகொரைன் பேரினத்துச் செடிதான். பண்ணையில் இவற்றை வேர் மட்டும் நனையும்படி, ஈரம் நிறைந்த நிழல்கூடத்தில் வளர்க்கிறார்கள். வேகமாக வளரும், பாசி பிடிக்காது, நத்தை ஏறாது. ஆகவே நாம் வாங்குவது காற்றில் விட்ட இலைகளை.

காற்று இலைக்கு மேலே மெழுகுப் பூச்சு உண்டு. கார்பன் டை ஆக்சைடு நுழைய இலைத்துளை உண்டு. தண்ணீருக்குள் துளைகள் பயனற்றுப் போகின்றன, மெழுகோ தடையாகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வாயுக்கள் தண்ணீரில் பரவும் வேகம் காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்குதான் என்பது. இலையை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அதைக் கடந்துதான் எதுவும் உள்ளே போக வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம் கார்பன் டை ஆக்சைடுதான் கரைந்திருக்கும். காற்று இலை அங்கே பட்டினி கிடக்கிறது. செடி அதிலிருந்து எடுக்கக்கூடிய நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் உருவிக்கொண்டு இலையைக் கைவிடுகிறது. நாம் பார்க்கும் கூழ் அதுதான்.

சரி, தான் முழுகிவிட்டோம் என்பது செடிக்கு எப்படித் தெரிகிறது? கண் இல்லை, நரம்பு இல்லை. இங்கேதான் எத்திலீன் வருகிறது. வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்க வைக்கும்போது புகையிலிருந்து வேலை செய்கிறதே, அதே வாயு. ஏறத்தாழ எல்லாச் செடியும் கொஞ்சம் கொஞ்சமாக எத்திலீனை உண்டாக்கிக்கொண்டே இருக்கும்; வெளியில் இருந்தால் உண்டானதும் காற்றோடு போய்விடும். முழுகியதும் அதே 10,000 மடங்கு மந்தம் குறுக்கே நிற்கிறது. வாயு வெளியேற வழியில்லாமல் திசுக்களுக்குள் சேர்கிறது. கார்பன் உள்ளே வரத் தடையாக இருந்த அதே இயற்பியல்தான், 'நீ தண்ணீருக்குள் இருக்கிறாய்' என்ற சேதியையும் கொடுக்கிறது! தனியாக ஓர் உணர்கருவி தேவைப்படவில்லை.

எத்திலீன் கூடினால் அப்சிசிக் அமிலம் என்ற செடி ஹார்மோன் குறையும், ஜிப்பெரெல்லின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கும். தண்டு நுனியில் அடுத்து உருவாகும் இலை வேறு அச்சில் வார்க்கப்படுகிறது. லுட்விஜியா ஆர்க்குவாட்டா என்ற செடியில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காற்றில் நிற்கும் செடிக்கு எத்திலீன் கொடுத்தால் நீர் இலை விடுகிறது. தண்ணீருக்குள் இருக்கும் செடிக்கு அப்சிசிக் அமிலம் கொடுத்தால் முழுகிய நிலையிலேயே காற்று இலை விடுகிறது.

வாட்டர் விஸ்டீரியா என்று கடையில் கேட்டால் தரும் செடியில் இதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். வாங்கும்போது இலை முட்டை வடிவில், ஓரத்தில் சிறு பற்களோடு இருக்கும். நட்டபின் வரும் முதல் சோடி இலையில் பற்கள் ஆழமாகும். அடுத்ததில் மடல் மடலாகப் பிரியும். அதற்கடுத்து வருபவை சீப்புப் பல்லாகக் கிழிந்த, மெல்லிய நீர் இலைகள். மெழுகு பெயருக்குத்தான், பச்சையம் மேல்தோலிலேயே இருக்கும். ஒரே தண்டில் அத்தனை கட்டமும் வரிசையாக நிற்கும். இது இந்தியத் துணைக்கண்டத்துச் செடி. ஆனால் இதன் இலை மாற்றத்தைப் பற்றிய அண்மைக்கால முக்கிய ஆய்வுகள் ஜப்பானிலும் சீனாவிலும் நடந்தன. நம் பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளுக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் விளக்கும் வாங்கவா பணமில்லை? கேள்வி கேட்கப் பழக்காததுதான் குறை என்று தோன்றுகிறது.

இதிலிருந்து செடி தேர்வு தானாக வந்துவிடும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி சுமார் 56 லிட்டர் பிடிக்கும். பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா பத்துப் பன்னிரண்டு கன்று. இது பைகார்பனேட்டிலிருந்தே கார்பன் எடுக்கும். பள்ளியில் புனலுக்குள் ஹைட்ரில்லாவை வைத்து ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டோமே, அந்தக் கூட்டம். அதனால் பைகார்பனேட் நிறைந்த கடினமான போர்வெல் தண்ணீர் வாலிஸ்னேரியாவுக்குத் தொந்தரவில்லை. பின் மூலையில் விஸ்டீரியா 2 கட்டு. நடுவில் வெண்டி 5. நடுப்புள்ளியிலிருந்து சற்று விலகி, நீளத்தை மூன்றாகப் பிரித்தால் வரும் கோட்டில் ஒரு மரக்கட்டை. அதில் ஜாவா ஃபெர்ன் ஒன்று, அனுபியாஸ் நானா இரண்டு. முன்பக்கம் காலியாகவே இருக்கட்டும். புல்விரிப்புச் செடிகள் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இல்லாமல் முதல் தொட்டியில் பெரும்பாலும் எடுபடாது. லக்கி பாம்பூ, சிங்கோனியம் ஆகியவற்றையும் சில கடைகளில் நீர்ச்செடி என்று தருவார்கள். அவற்றுக்கு நீர் இலை விடும் திறனே இல்லை. முழுக்கினால் ஓரிரு மாதத்தில் அழுகும்.

2 முதல் 3 மி.மீ. சரளை சுமார் 18 கிலோ போதும். முன்னால் 2 அங்குலம், பின்னால் 3. போடுவதற்கு முன் கொஞ்சம் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், வேண்டாம். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர் இருக்கும்போதே நடுவது எளிது.

வேரைச் சுற்றியுள்ள பஞ்சை முழுக்க எடுத்துவிட்டு, வேரை 2 அங்குலமாக வெட்டுங்கள். வாலிஸ்னேரியாவிலும் வெண்டியிலும் இலை கிளம்பும் வெளிறிய கழுத்து மணலுக்கு மேலே தெரிய வேண்டும், புதைந்தால் அழுகும். விஸ்டீரியாவைக் கட்டோடு நடக்கூடாது. கீழ் இரண்டு கணுவின் இலையைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக ஓர் அங்குல இடைவெளியில் நட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வெளிச்சம் படாமல் அடித்தண்டு கறுத்து, மொத்தமும் மிதக்கும். ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் மணலில் நடவே வேண்டாம். அவற்றின் கிழங்குத் தண்டைக் கட்டையில் நூலால் கட்டுங்கள், அல்லது ஃபெவிக்விக் வகைப் பசை ஒரு துளி. வேர் வழியே உணவெடுக்கும் செடி என்பதால், ஒவ்வொரு வெண்டிக்கும் பக்கத்தில் ஓர் உர மாத்திரையைப் புதைத்துவிடலாம்.

தொட்டியை வடகிழக்கு மூலையில் வைக்கச் சொல்லும் வாஸ்துக்காரர் பேச்சைக் கேட்டால், பல வீடுகளில் அது காலை வெயில் விழும் சன்னலோரம். அங்கே பாசிதான் செழிக்கும். 1,000 முதல் 1,500 லூமென் வெள்ளை எல்இடி, டைமர் போட்டு முதல் மூன்று வாரம் நாளுக்கு 6 மணி நேரம், பிறகு 8. முதல் மாதம் கண்ணாடியில் படியும் பழுப்புப் பொடி டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்தால் போதும், தானே குறையும்.

கரையும் இலைகளை அன்றன்றைக்கே கத்தரித்து வெளியே எடுங்கள். அழுகும் இலை அம்மோனியா விடும்; அதைச் சிதைக்கும் பாக்டீரியா புதுத் தொட்டியில் இன்னும் பெருகியிருக்காது. இந்த நேரத்தில் மீன் விட்டால் சாகும். அதைத் திருஷ்டியை வாங்கிக்கொண்டு போனதாகச் சொல்லி, அதே தண்ணீரில் அடுத்த சோடி மீனை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு வாரம் பொறுங்கள். முதல் இரண்டு வாரம் வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரானால் குளோரினை நீக்கும் மருந்தைச் சேர்த்து.

வெண்டி மொட்டையாகிப் போனாலும் பிடுங்காதீர்கள். கிழங்கு கெட்டியாக இருக்கும்வரை உயிர் இருக்கிறது. மூன்று நான்கு வாரத்தில் புது இலை வரும். சந்தேகப்பட்டுப் பிடுங்கிப் பார்த்து மறுபடி நட்டால், வந்த புது இலையும் கரையும். பழைய இலையைப் பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை. அது மாறப் போவதில்லை. நுனியில் வருவதைக் கவனியுங்கள். புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. நீருக்குள் விட்ட இலையே முதிரும்போது ஊசி குத்திய ஓட்டைகள் விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம்.

விஸ்டீரியா தண்ணீர் மட்டத்தைத் தொட்டதும் மேல் 5 அங்குலத்தை வெட்டுங்கள். அது முழுக்க நீர் இலை. கீழ்த்தண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதே இடத்தில் நுனியை நட்டால் கரையாமல் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் யாரிடமாவது வெட்டிய நுனி கிடைத்தால், கடைக்குப் போவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள்.