குறைவாக ஓடும் காருக்கும் ஆயில் மாற்ற வேண்டும்

என்ஜின் ஆயிலை எப்போது மாற்றுவது என்பதைக் கிலோமீட்டரை மட்டும் வைத்துக் கணக்கிடுபவர்களே அதிகம். குறித்த தூரம் இன்னும் ஓடவில்லை என்ற காரணத்தால், இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரே ஆயிலோடு ஓட்டப்பட்ட கார்கள் எங்கள் பணிமனைக்குத் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தால், உட்புறத்தில் விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குக் கறுத்த பசை படிந்திருக்கும்.

எரிபொருள் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு சிறு பகுதி, எரியாத பெட்ரோலுடன் சேர்ந்து, பிஸ்டன் ரிங்குகளைக் கடந்து கீழே இருக்கும் ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடும் காரில் ஆயில் நன்றாகச் சூடேறுவதால் இவை பெரும்பாலும் ஆவியாகி வெளியேறிவிடும். வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவுக்குப் போய் நின்றுவிடும் காரில் அந்தச் சூடு வருவதே இல்லை. ஈரமும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கி, அழுக்கையும் அமிலத்தையும் தாங்குவதற்காக அதில் சேர்க்கப்பட்டிருக்கும் ரசாயனங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்துவிடுகின்றன. பிறகு உருவாகும் பசை, ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்தால், பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராது. என்ஜினுக்குக் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் டர்போ உள்ள கார்களில் இது இன்னும் அபாயம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடிய டர்போவின் தண்டைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

ஆகவேதான் காருடன் தரப்படும் கையேட்டில் தூரம், காலம் இரண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன. எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. சிந்தெடிக் ஆயிலுக்குப் பொதுவாக 10,000 முதல் 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்றும், மினரல் ஆயிலுக்கு ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் என்றும் கொள்ளலாம். ஆனால் குறுகிய பயணம், நெரிசல், புழுதி, பாரம் இழுத்தல் ஆகியவற்றைக் 'கடுமையான பயன்பாடு' என்று அதே கையேடு தனியாகச் சொல்லி, அதற்குக் குறைந்த இடைவெளியைத் தந்திருக்கும். பெரும்பாலான கார்கள் இந்த வகையில்தான் அடங்கும் என்பது என் கருத்து.

நிறத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். டீசல் காரில் புதிய ஆயில்கூடச் சீக்கிரமே கறுத்துவிடும். அது அழுக்கைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆயில் அளவைப் பார்க்கும் கோலான டிப்ஸ்டிக்கில் கவனிக்க வேண்டியவை வேறு: ஆயில் பால் கலந்த காப்பிபோல இருந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கலந்திருக்கக்கூடும், அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தால் எரிபொருள் கலந்திருக்கக்கூடும். இரண்டிலும் ஆயிலை மாற்றிவிட்டால் மட்டும் போதாது, காரணத்தைக் கண்டறிய வேண்டும்.

ஆயில் வாங்கும்போது ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் 5டபிள்யூ-30 போன்ற கிரேடையும், கையேடு கேட்கும் தரக்குறியீட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கெட்டியான ஆயில் பாதுகாப்பானது என்று நினைத்து மாற்றி ஊற்றுவது தவறு.

நீங்களே மாற்றுவதானால், என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் இளஞ்சூட்டில் இருக்கும்போது அணைத்துவிடுங்கள். சமதளத்தில் காரை ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்தாமல், வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் அடியில் நுழையாதீர்கள். அடியில் ஆயிலை வடிப்பதற்கான டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி முழுவதும் வடியவிட்டு, வாஷரைப் புதிதாக மாற்றி, குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முடுக்க வேண்டும். வலுவைக் காட்டி முடுக்கியதால் ஆயில் தேங்கும் அடித்தொட்டியான சம்ப்பின் மரை அழிந்த கார்களைச் சரிசெய்வது எங்களுக்கு வாடிக்கையான வேலை. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அதன் மேலேயே புதிய ஃபில்டரைப் பூட்டினால் ஆயில் பீய்ச்சியடிக்கும். புதிய வளையத்தில் சிறிது ஆயில் தடவிக் கையால் பூட்டினால் போதும்.

ஆயிலைக் குறித்த அளவைவிடச் சற்றுக் குறைவாக ஊற்றி, என்ஜினை ஒரு நிமிடம் ஓட்டிக் கசிவு இல்லையா என்று பார்த்து, அணைத்துச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்து மீண்டும் விட்டு அளந்து, மேல் குறியைத் தாண்டாமல் நிரப்புங்கள். அளவு மிஞ்சினால் கிராங்க் தண்டு ஆயிலில் அடித்து நுரைக்கச் செய்யும். நுரை பேரிங்கைக் காக்காது. வடித்த ஆயிலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், மூடியுள்ள கலனில் அடைத்து, பழைய ஆயிலைச் சேகரிக்கும் இடத்திலோ பணிமனையிலோ ஒப்படைத்துவிடுங்கள்.